பலூன் திருப்பிச் சுடாது

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் துப்பாக்கி சுட்டார்.

பயப்படாதீர்கள்... பலூனைத்தான்.

இந்த முதல் வரியை உங்களுக்கு எழுதுவது சுலபமாக இருக்கிறது. இதையே அன்று மாலை வேறு ஒரு இடத்தில், வேறு ஒருவரிடம், வாய்விட்டுச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். அதற்கு முன், துப்பாக்கி எப்படி எங்கள் குடும்பத்துக்குள் வந்தது என்று சொல்லிவிட வேண்டும். வேறு யாரால்? என்னால்தான்.

நான் கூச்சப்படுகிறவள் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கூச்சப்படுகிறவர்களுக்கு 'வேண்டும்' என்று கேட்க வராது என்பார்கள். 'வேண்டாம்' என்று சொல்லவும் வராது... அதை யாரும் நினைப்பதில்லை.

பதுளையில் இந்த மாதம் முழுக்கக் கார்னிவல். இரத்தத்தில் சீனி கூடின வருத்தத்துக்குக் கிளினிக் போன அன்று, எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பரா மருதாயி அக்கா, "சும்மா பாத்துட்டுப் போவம்டி" என்று இழுத்துக்கொண்டு போனார். உள்ளே ஒரு பலூன் கடை. பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி வைத்திருக்கிறார்கள். காற்றுத் துப்பாக்கியில் சின்ன ஈயக் குண்டைப் போட்டுத் தருவார்கள். சுட வேண்டும். நான் வேடிக்கை பார்க்க நின்றதுதான் தாமதம், கடைக்காரர் துப்பாக்கியைக் கையில் வைத்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைவிடச் சுட்டுவிடுவது சுலபமாக இருந்தது. சுட்டேன்.

டப்!

மஞ்சள் பலூன் ஒன்று இருந்த இடம் தெரியவில்லை.

அறுபதைத் தாண்டியவள் சொல்கிறேன், கேளுங்கள். ஒன்றை நினைத்து, நினைத்த கையோடு அது நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டோம். லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றித் தரக் கேட்டோம். தண்ணீர்க் குழாய் கேட்டோம். ஒன்றாவது இப்படி 'டப்' என்று நடந்ததா?

"அடியே! வாயத் தொறந்தா ஈ பறக்காது, கையில துப்பாக்கியக் குடுத்தா இந்தப் போடு போடுறியே!" என்று மருதாயி அக்கா கார்னிவல் முழுக்கக் கேட்கக் கத்தினார். எனக்கு வெட்கம். வெட்கத்தில் இன்னொன்றைச் சுட்டேன்.

மறு வாரம் மருந்து எடுக்கப் போனபோதும் சுட்டேன். அப்போதுதான் அந்தத் துப்பாக்கியின் சங்கதி பிடிபட்டது. நேரே குறி வைத்தால் படாது. குண்டு கொஞ்சம் வலது பக்கமாகப் போகும். சிவப்பு வேண்டும் என்றால் அதற்கு இடது பக்கத்துப் பச்சையைப் பார்த்துச் சுட வேண்டும். கடைக்காரருக்கு இது தெரியாதா? தெரிந்துதானே கடையே நடக்கிறது!

இந்தச் சுகத்தை என் வீட்டுக்காரருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை. தோட்டத்துத் தேயிலை ஆலையில், ஸ்டோர் என்போம், அரைக்கிற பகுதியில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்ந்தவர். அதிகம் பேச மாட்டார். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் இருக்கிற மகனைப் பார்க்கப் போனார். அடையாள அட்டையை வீட்டில், மற்றச் சட்டையில், விட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டை நடக்கிற நாடு; அட்டை இல்லாத தமிழர் என்று ரோட்டிலேயே பொலிஸில் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் விசாரித்து, ஆளைத் தேடி, வெளியே கொண்டுவர இரண்டு இரவு ஆகிவிட்டது. உள்ளே என்ன நடந்தது என்று இதுவரை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தார், குளித்தார், "ஒரு ஊக்கு இருந்தா குடு" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அட்டை சட்டைப்பையில். பைக்கு ஊக்கு. ஊக்குக்கு மேலே இடது கை. டவுனுக்குப் போனால் அந்தக் கை இறங்கவே இறங்காது. நெஞ்சு வலி என்று நினைத்து பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு. (அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன்.)

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கியைக் கண்டால் போதும், யாரும் கேட்க வேண்டியதில்லை. ஊக்கு கழலும், அட்டை வெளியே வரும், கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஒரு தடவை பேங்க் வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கு நீட்டினார். அந்த மனுஷன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள கவுண்டர்ல குடுங்க" என்று திருப்பித் தந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போய் நான் கேட்கிறேன்.

"என்னங்க, ஞாயித்துக்கெழம பதுளைக்குப் போவமா? பலூன் சுடலாம்."

ரொட்டியைப் பிய்த்த கை நின்றது.

"என்னாத்த சுடலாம்?"

"பலூனுங்க."

"எதால?"

"துப்பாக்கியாலதான்."

"ஏ புள்ள... கிளினிக்ல ஒனக்கு என்னா மருந்து குடுத்தாங்க?"

"நான் ரெண்டு தடவ சுட்டுட்டேன். சவுக்காரக் கட்டி பரிசு குடுத்தாங்க. நீங்க குளிச்சீங்களே, அதுதான்."

குளித்த சவுக்காரத்தை நினைத்து முழங்கையை முகர்ந்து பார்த்தார்.

"நம்ம ஆளுக கையில துப்பாக்கியக் கண்டா இந்த நாட்டுல சவுக்காரமா குடுப்பாங்க? நீ பொம்பள. ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் புடிச்சா வேற கத."

"அது வெளையாட்டுத் துப்பாக்கிங்க."

"பாக்குறவனுக்கு அது தெரியுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் லயத்தில் ஒரு வசதி இருக்கிறது. எந்தப் பேச்சுக்கும், கதவைத் திறக்காமலே, அடுத்த காம்பராவிலிருந்து பதில் வந்துவிடும்.

"என்னாண்ணே!" — சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மருதாயி அக்கா. "பொஞ்சாதி சுடுது, நீங்க பலூனுக்குப் பயப்படுறீங்களாமே? நாளைக்குப் பெரட்டுக்களத்துல சொல்லிறவா?"

பெரட்டுக்களம் என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டமே கூடுகிற இடம். அவர் ரொட்டியை முடிக்காமல் எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பலூனுக்காக இல்லையாம். பதுளையில் செருப்பு வாங்க வேண்டுமாம்.

செருப்புக் கடை இருக்கிற தெரு ஒரு பக்கம். கார்னிவல் வேறு பக்கம். நாங்கள் எந்தப் பக்கம் போனோம் என்று நான் சொல்ல வேண்டுமா?

பலூன் கடைக்காரர் ஒரு சிங்கள மனுஷர். ஊர் ஊராகக் கார்னிவலோடு போய்ப் போய்த் தமிழ் படித்தவர். என்னைத் தூரத்தில் கண்டதுமே, "அய்யோ, அம்மா வந்தாச்சி! நம்ம கடை இன்னிக்கி காலி!" என்று கூச்சல் போட்டார். நான் தரையைப் பார்த்தேன். "இது யாரு, ஐயாவா? வாங்க ஐயா, வாங்க!" என்று துப்பாக்கியை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

துப்பாக்கி.

ஊக்கு கழன்றது. அட்டை வெளியே வந்தது. நீட்டினார்.

ஒருவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மற்றவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. மரியாதையாக அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"போட்டோ நல்லா இருக்கு ஐயா. ஆனா நம்ம கடைக்கு காசு போதும்." அட்டையைக் குண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, துப்பாக்கியை அவர் வலது கையில் திணித்தார். "பயம் வேணாம். பலூன் திருப்பிச் சுடாது."

வலது கை வாங்கிக்கொண்டது. இடது கை? அது பழைய இடத்தில்தான், வெறும் பைக்கு மேலே.

"ஒரு கையில சுட ஏலாது ஐயா! இது என்ன, படமா?"

இடது கை மெல்ல இறங்கியது. டவுனில் அது இறங்கி நான் பார்த்து எத்தனை காலம்!

முதல் குண்டு போனது. படவில்லை. இரண்டாவதும் படவில்லை.

"என்னங்க, சிவப்பப் பாக்காதீங்க. பக்கத்துல பச்சையப் பாருங்க."

"எனக்கு சிவப்புதான் வேணும்."

"சிவப்பு வேணும்னாதான் பச்சையப் பாக்கச் சொல்றேன்."

"ஒண்ணப் பாத்துகிட்டு இன்னொண்ணச் சுடுறதா? இது என்னா ஏமாத்து வேல?"

கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று யோசிக்கிறவர் மாதிரி.

மூன்றாவதையும் நேரே வைத்துச் சுட்டார். அவர் அப்படித்தான். மூன்றாவதும் போன பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார்.

டப்!

அடுத்ததும் டப்!

அவர் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

"இன்னும் அஞ்சு குடுங்க," என்றார். சத்தமாக! டவுனில், ஆள் கூட்டத்தில், இவர் வாயைத் திறந்து சத்தமாக ஒன்றைக் கேட்டார். அந்த ஐந்தில் நாலு பட்டது. பரிசாக ஒரு தேயிலைப் பக்கெட் கிடைத்தது. கடையில் தொங்குகிற, வெளிநாட்டுக்குப் போகிற ரகத் தேயிலை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவளும் அதை அரைத்தவரும் கடைசியில் ஒரு பக்கெட் நல்ல தேயிலையைத் துப்பாக்கி முனையில்தான் வாங்க முடிந்தது.

வீட்டுக்குத் திரும்ப லுணுகலை பஸ்ஸில் ஏறினோம். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். துப்பாக்கியை எப்படிப் பிடித்தார், மூச்சை எப்படி அடக்கினார் என்று இரண்டு கையாலும் காட்டிக் காட்டிப் பேசினார். இரண்டு கையும் பேசுகிறதே என்று எனக்குச் சந்தோஷம். சட்டைப்பை திறந்து தொங்குகிறதே என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

பாதி வழியில் செக் பாயிண்ட். எல்லோரும் இறங்கி, வரிசையாக நின்று, அட்டையைக் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். வழக்கம்தான். ஒரு இளம் சிப்பாய் துப்பாக்கியோடு வந்தார். இவருடைய கை பழக்கத்தில் மேலே போனது.

பை வெறுமை. ஊக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐடென்டிட்டி கோ?" என்றார் சிப்பாய். எங்கே என்று கேட்கிறார்.

இவர் வாய் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். கொழும்பிலிருந்து வந்த அன்று பார்த்த அதே முகம். மறுபடியுமா? இன்னொரு இரவா? இவரைக் கூட்டிக்கொண்டு வந்தது யார்? நான்தானே. அதனால் நான் பேசினேன்.

கூச்சப்படுகிறவர்கள் அவசரத்துக்குப் பேசினால் எப்படி இருக்கும் தெரியுமா? என் சிங்களம் சந்தைச் சிங்களம். கிழங்கு என்ன விலை, கொஞ்சம் குறைங்க, அவ்வளவுதான் வரும். பலூன் சுடுகிற கடையில் அட்டையை மறந்து வைத்துவிட்டார் என்று அதில் சொல்ல வேண்டும். பதட்டத்தில் பலூன் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கடையும் வரவில்லை. கடைசியில் வெளியே வந்தது இதுதான்:

"ஐடென்டிட்டி பதுளையில. இவர் துப்பாக்கி சுட்டார்."

சிப்பாய் இரண்டு எட்டு பின்னால் போனார். துப்பாக்கி மேலே வந்தது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள், அதுவரை எங்களோடு சிரித்துப் பேசி வந்தவர்கள், எங்களை எங்கேயும் பார்த்ததே இல்லை என்பது போல விலகி நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் விலகியிருப்பேன். பஸ் எங்கள் பையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது.

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். தேயிலைப் பக்கெட்டைக் கிழித்து, விரலை விட்டுக் கிண்டி, முகர்ந்துகூடப் பார்த்தார்கள். காவல் கொட்டிலுக்குள் இருந்த அவர்களுடைய பெரியவர் வந்து கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். கடைசி பஸ் வரைக்கும் பார்ப்பார்கள். அட்டை வந்தால் சரி. வராவிட்டால் இவரைப் பொலிஸுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னைப் போகச் சொன்னார்கள்.

நான் எங்கே போவேன்? நின்றேன்.

அவர் கை வெறும் பையைத் தடவும், இறங்கும், மறுபடி போய்த் தடவும். பார்க்கச் சகிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்த இளம் சிப்பாய் கிட்டே வந்தார். மெதுவாகக் கேட்டார். "உண்மையைச் சொல்லு. எதைச் சுட்டாய்?"

இவர் ஸ்டோரில் சிங்கள ஆட்களோடு வேலை செய்தவர். நல்ல சிங்களம் தெரியும். அந்தச் சிங்களம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"பலூன். கார்னிவல்ல."

சிப்பாய் முகம் மாறியது. "எத்தனை பட்டது?"

"மொதல்ல ரெண்டு. அப்புறம் நாலு."

"பொய்!" சிப்பாய்க்கு இப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. "அந்தக் கடையில் நாலு படாது. போன லீவுக்கு நானும் போனேன். பத்து சுட்டேன். ஒன்றுகூடப் படவில்லை."

கொட்டிலுக்குள் யாரோ சிரித்தார்கள். சிப்பாய் காது சிவந்தது.

"நேரா வச்சு சுட்டீங்களா?" என்றார் இவர்.

"வேறு எப்படிச் சுடுவது?"

"அதான் தப்பு."

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மண்மூட்டைக்குப் பக்கத்தில், அடையாள அட்டை இல்லாமல் பிடிபட்டு நின்ற தோட்டத்துத் தமிழர் ஒருவர், இல்லாத துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் வைத்து, ராணுவச் சிப்பாய்க்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கை தூக்கியபோது என் உயிர் என்னிடம் இல்லை. சிப்பாயோ தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, "பச்சையா? இடது பக்கமா?" என்று பாடம் கேட்கிறார்! ஒரு கட்டத்தில் "சீயா, உட்காருங்க" என்று பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டார். சீயா என்றால் தாத்தா. அதுவரைக்கும் 'நீ'தான்.

ஆனால் பெரியவர் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "பலூன் எல்லாம் சரி. அட்டை எங்கே?" என்றார்.

அதற்கு எங்களிடம் குறி இல்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. கடைசி பஸ் வந்து நின்றது. சனம் இறங்குவதற்கு முன்பே கண்டக்டர் மிதிபலகையிலிருந்து குதித்தார். நம் தோட்டப் பக்கத்து ஆள்தான்.

"பலூன் சுட்ட ஐயா யாரு?" என்று கேட்க வந்தவர், துப்பாக்கிகளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார், அட்டைப் படத்தை வைத்து இவர் முகத்தைக் கண்டுபிடித்தார் என்பதைப் பிறகு அவரே சொன்னார். அந்த நேரம் அவர் கேட்டது வேறு: "மாமா! இங்கயா இருக்கீங்க? ஒங்களத் தேடி நான் எங்கயெல்லாம் அலையிறது!"

கையில் அட்டை!

பெரியவர் அதை வாங்கினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இது உன்னிடம் எப்படி வந்தது?"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் காலில் இவருடைய மிதி. பழைய செருப்பாக இருந்தாலும் அழுத்தமான மிதி.

"என் மாமா சார்," என்றார் கண்டக்டர். "காலையில என் பஸ்லதான் போனார். சீட்டுலயே விட்டுட்டார்."

அட்டை திரும்பி வந்தது. "கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும்," என்றார் பெரியவர். "போகலாம்."

காலையில் நாங்கள் அந்த பஸ்ஸில் போகவே இல்லை. எல்லாம் பலூன் கடைக்காரர் செய்த வேலை. டப்பாவுக்குப் பக்கத்தில் அட்டையைக் கண்டு, முகவரியைப் பார்த்து, கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து கண்டக்டர் கையில் கொடுத்திருக்கிறார். "அடுத்த தடவ காசு மட்டும் போதும்னு சொல்லச் சொன்னாரு மாமா," என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார் கண்டக்டர். மாமா என்பது அதற்குள் உண்மையாகிவிட்டது போல!

நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். உள்ளதை உள்ளபடி நேரே சொன்னேன்... பொழுது சாயும் வரை நிறுத்தி வைத்தார்கள். கண்டக்டர் கோணலாகச் சொன்னார்... ஒரு நிமிஷத்தில் விட்டார்கள். இதில் அந்தப் பாவப்பட்ட துப்பாக்கியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

வீட்டுக்கு வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "என்னாண்ணே, எத்தன?"

"ஆறு," என்றார். அவ்வளவுதான். மற்றதைச் சொல்லவில்லை. கிழிந்த பக்கெட்டில் மிஞ்சியதில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். "நல்லாத்தான் அரைச்சிருக்கோம்," என்றார்.

அப்புறம் வாரம் முழுக்க அந்தப் பேச்சே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கி முடிந்தது. இனி இந்த மனுஷன் லயத்தைவிட்டு இறங்க மாட்டார். நல்லது செய்யப் போய் இருந்ததையும் கெடுத்தேனே! சட்டைப்பைக்கு இன்னொரு ஊக்கு கேட்பார் என்று நினைத்துத் தேடியும் வைத்தேன்.

நேற்றுக் காலை அடுப்படிக்கு வந்து நின்றார். கையில் அட்டை.

"இந்தா, இத நீ வச்சுக்க."

"நானா? ஏங்க?"

"ஞாயித்துக்கெழம போய் அந்தக் கடைக்காரருக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வரணுமில்ல?"

"சொல்லத்தான் வேணும். அதுக்கு அட்டைய ஏன் எங்கிட்டக் குடுக்குறீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். எங்கள் வீட்டில் தரையைப் பார்க்கிறது வழக்கமாக நான்தான்.

"துப்பாக்கி புடிக்க ரெண்டு கையும் வேணும் புள்ள."

அட்டை இப்போது என் சுருக்குப்பையில் இருக்கிறது. ஊக்கை மட்டும் அவர் சட்டையிலேயே குத்தி வைத்திருக்கிறார், வெறும் பைக்குக் காவலாக.